ரேஷனை நீட்டியது டாலர் பஞ்சம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போருக்குப் பிந்தைய பிரிட்டன் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி (லேபர்) விடாப்பிடியாக வைத்திருந்த ரேஷனை 1951இல் சர்ச்சில் வந்து ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. ஆண்டும் தவறு, காரணமும் அரைகுறை.

1940 ஜனவரியில் தொடங்கிய உணவு ரேஷன் முழுவதுமாக முடிந்தது 1954 ஜூலை 4 அன்று. போர் நடந்தபோது தடையில்லாமல் கிடைத்த ரொட்டியே 1946 ஜூலையில்தான் கூப்பனுக்குள் வந்தது. சாதாரணமாக ஒருவருக்கு வாரம் 9 யூனிட். உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு 15. பெரிய ரொட்டி ஒன்றுக்கு 4 யூனிட் போய்விடும். உலகெங்கும் கோதுமைத் தட்டுப்பாடு. ஜெர்மனியில் பிரிட்டன் வசம் இருந்த பகுதிக்கும் சோறு போட வேண்டியிருந்தது. 1948இல் ஒருவருக்கு வாரத்துக்குச் சர்க்கரை சுமார் 225 கிராம், சீஸ் 40 கிராம் சொச்சம். இறைச்சிக்கு மட்டும் எடைக் கணக்கு இல்லை, காசுக் கணக்கு. மலிவான துண்டாகப் பார்த்து வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். பொருள் வாங்கியதும் நம் ஊர் போல அரசுக் கடையில் அல்ல. பெயரைப் பதிந்துகொண்ட தனியார் மளிகைக் கடையில்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது டாலர் பஞ்சம். வெளியிலிருந்து உணவு வாங்க டாலர் வேண்டும், கையிலோ போதவில்லை. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா லெண்ட்-லீஸ் உதவியை, அதாவது போர்க்காலத்தில் உடனே காசு கேட்காமல் பொருள் தந்த திட்டத்தை, சட்டென்று நிறுத்தியது. பொருளாதார அறிஞர் கீன்ஸ் வாஷிங்டனில் பேசி வாங்கிய 375 கோடி டாலர் கடனுக்கு வட்டி 2 சதவீதம்தான். ஆளைச் சாய்த்தது வட்டியல்ல, நிபந்தனை: கடன் அமலுக்கு வந்த ஓராண்டுக்குள், வர்த்தகத்தில் ஈட்டிய பவுண்டை யார் கொண்டுவந்தாலும் டாலராக மாற்றித் தர வேண்டும். 1947 ஜூலை 15இல் மாற்றத் தொடங்கினார்கள். பவுண்டு வைத்திருந்த நாடுகள் டாலர் கேட்டு வந்து குவிந்தன. டாலர் கையிருப்பு கரையவே, ஆகஸ்ட் 20இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டே சொந்தக் காருக்கான பெட்ரோல் ஒதுக்கீடும் வெளிநாட்டு உல்லாசப் பயணத்துக்கான பணமும் ரத்தாயின.

போர்ச் செலவுக்காக இந்தியாவுக்கு பிரிட்டன் பட்டிருந்த பாக்கி 100 கோடி பவுண்டுக்கும் மேல். அதே ஆகஸ்டில் அதை இரண்டு கணக்காகப் பிரித்து, பெரும்பகுதியை எடுக்க முடியாதபடி முடக்கினார்கள். இந்திய வாசகர்களுக்கான கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரக்கு வரத்து கூடாமல் ரேஷனை எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மிட்டாயே சாட்சி. 1949 ஏப்ரல் 24 அன்று மிட்டாய், சாக்லேட்டுக்குக் கூப்பன் வேண்டாம் என்றார்கள். சர்க்கரை இறக்குமதியோ பழைய அளவிலேயே இருந்தது. ஏழு ஆண்டு ஏக்கத்தில் ஜனம் கடைகளைத் துடைத்து எடுத்துவிட்டது. ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகஸ்டில் மறுபடி கூப்பன். நிரந்தர விடுதலை 1953 பிப்ரவரி 5இல்தான் கிடைத்தது.

இறைச்சி ஒதுக்கீடு வாரம் 8 பென்ஸ் என்று அடிமட்டத்துக்குப் போனது 1951 தொடக்கத்தில். இறைச்சி விற்ற அர்ஜென்டினாவோடு விலைத் தகராறு. தேர்தல் ஆண்டில் இது தொழிற்கட்சிக்குப் பெரிய அடி என்பதை மறுக்கவில்லை. (அந்தத் தேர்தலில் அதிக வாக்கு வாங்கியது தோற்ற தொழிற்கட்சி என்பது தனிக்கதை.) ஆனால் அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சிலும் இரண்டரை ஆண்டுக்கு மேல் ரேஷனை வைத்தே ஓட்டினார். 1952 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பட்லர் உணவு மானியத்தை 41 கோடி பவுண்டிலிருந்து 25 கோடியாக வெட்டினார். மானியம் குறைந்ததும் விலை ஏறும், வாங்குவது குறையும்; இப்படி கூப்பன் செய்துவந்த வேலையில் ஒரு பங்கு விலைக்குக் கைமாறியது. கொரியப் போரில் எகிறிய உலகச் சந்தை விலைகள் இறங்கியதும் கைகொடுத்தது. பிறகுதான் 1952 அக்டோபரில் தேயிலை, 1953 செப்டம்பரில் சர்க்கரை, கடைசியாக இறைச்சி என்று ஒவ்வொன்றாக விடுபட்டன.

கட்டுரையோடு வந்த காலவரிசைப் பெட்டியில் 1951 என்பதை 1954 என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி