பவளத்தோடு வந்த தட்டைப்புழு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு மீன்தொட்டி பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, பவளத்தோடு சேர்ந்து வரும் பூச்சிகளைச் சொல்லாமல் விட்டுவிட்டது. பட்டவன் நான், சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் 3 அடி கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் ஒரு கடையில் காளான் பவளம் வாங்கி, ஆசையில் நேரே உள்ளே இறக்கிவிட்டேன். சில வாரத்தில் மணலிலும் கண்ணாடியிலும் துரு நிறப் புள்ளிகள். பாசி என்றுதான் நினைத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நகர்கின்றன! செந்தட்டைப்புழு. பவளத்தை இது கடித்துத் தின்பதில்லை, மேலே போர்வைபோலப் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது.

கடைக்காரர், "மருந்தை ஊத்துங்க அங்கிள், ஒண்ணும் ஆகாது" என்றார். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் லெவமிசோல்தான் அது. ஊற்றினேன். புழு செத்தது, கூடவே இரண்டு கோமாளி மீனும். சாகும் புழு நஞ்சைக் கக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் மெல்லிய ரப்பர் குழாயால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். புழு செத்த கையோடு தண்ணீரை மாற்றி, நஞ்சை உறிஞ்சப் புதுக் கரியும் வைத்திருக்க வேண்டும்.

இப்போது எந்தப் பவளமும் மருந்துநீரில் முங்கி எழுந்து, தனித் தொட்டியில் சில வாரம் இருந்த பிறகே உள்ளே போகிறது. பூச்சிகளின் முட்டைகள் அந்த முக்கலுக்குச் சாவதில்லையே. சமையலறையில் எதற்கு இன்னொரு தொட்டி என்று மனைவி கேட்கிறார். கடைக்காரர்களே இதைச் செய்து விற்றால் என்ன?

வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு