கேஸ் ஷீட்டைப் பார்த்த பிறகே வழக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நோயைக் கண்டறியத் தவறிய மருத்துவமனை மீது வழக்குத் தொடுக்கலாமா என்ற கேள்வி கடந்த ஆண்டு எங்கள் வீட்டிலேயே எழுந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அக்காவுக்குத் தொப்புளைச் சுற்றி வலி கண்டதால் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வயிற்றுப்புண் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் இரவு வலி பொறுக்க முடியாமல் மீண்டும் மலையிறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்கா முழங்காலை மடக்கி வலது அடிவயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவசரப் பிரிவில் ஊசி ஒன்று போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வேறொரு மருத்துவமனையில், குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டதாகக் கூறி உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். 16 நாட்கள் படுக்கையில் இருந்தார்.

முதல் நாள் பார்த்த மருத்துவரை விடக்கூடாது என்றுதான் உறவினர் எல்லோரும் கொதித்தோம், நானும் அதில் ஒருவன். நாங்கள் அணுகிய வழக்கறிஞரோ, "கேஸ் ஷீட் எங்கே?" என்றுதான், அதாவது மருத்துவமனை எழுதி வைத்த சிகிச்சைப் பதிவு எங்கே என்றுதான், முதலில் கேட்டார். எங்களிடம் பில்களும் ஒரு ஓ.பி. சீட்டும் மட்டுமே இருந்தன. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. அது தெரியாமல் மூன்று முறை வரவேற்பு மேசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பினோம். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் எழுதிக் கேட்ட பிறகே நகல்கள் வந்தன.

அவற்றை அனுபவமுள்ள வேறொரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டியபோது எங்கள் கோபத்தின் திசையே மாறிவிட்டது. குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித்தான் தொடங்கும், சில மணி நேரம் கழித்தே வலது அடிவயிற்றுக்கு இறங்கும் என்றும், காய்ச்சலோ வாந்தியோ இல்லாத முதல் நாளில் அதை உறுதியாகச் சொல்வது எவருக்கும் கடினம் என்றும் அவர் விளக்கினார். அதைவிட முக்கியமாக, வலி வலப்பக்கம் மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும் என்று அந்த முதல் மருத்துவர் சீட்டின் அடியில் எழுதியிருந்தார், அக்காவிடம் வாய்விட்டும் சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கையால்தான் நாங்கள் இரண்டாம் இரவு ஓடினோம். ஆனால் அதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த பணி மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கோ ஸ்கேனுக்கோ எழுதவில்லை, சர்ஜனையும் அழைக்கவில்லை. வண்டி குலுங்கும்போது வலித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் போதும், வயிற்றின் உள்ளுறை அழன்றிருப்பதற்கு அது ஒரு முக்கிய அறிகுறி என்றார் அவர்.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்த வேறுபாட்டைத்தான். கணிப்பு தவறிப்போவது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலையில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்பதே அளவுகோல். மறுபுறம், மலேரியா நோயாளிக்கு டைபாய்டு சிகிச்சை தரப்பட்டு அவர் இறந்துபோன கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்குகளிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் கூறி, இறந்தவரின் கணவரான கிஷன் ராவுக்கு மாவட்ட நுகர்வோர் மன்றம் அளித்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை அதே நீதிமன்றம் மீட்டுத் தந்தது.

தவறு தெரிந்தால் மட்டும் போதாது, அந்தத் தவறால்தான் கேடு நேர்ந்தது என்றும் காட்ட வேண்டும். முதல் நாளே கண்டுபிடித்திருந்தாலும் அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தே இருக்கும். ஆகவே அந்தச் செலவை நாங்கள் கேட்க முடியாது. தாமதத்தால் கூடிய படுக்கை நாட்களையும், அவர் இழந்த கூலியையும், பட்ட வேதனையையும் மட்டுமே கேட்டு, இரண்டாம் இரவின் சிகிச்சைக்காக அந்த மருத்துவமனைக்கு நோட்டீஸ் அனுப்பியுள்ளோம். முதல் மருத்துவரின் பெயரை அதில் சேர்க்கவில்லை.

கட்டணம் பெறும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்பது 1995 முதல் உறுதியான ஒன்று. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணமும் இல்லை. மருத்துவமனை வாசலை முற்றுகையிடுவதோ கண்ணாடியை உடைப்பதோ ஓர் ஆவணத்தையும் நம் கைக்குக் கொண்டுவராது.

எனவே, கேஸ் ஷீட் நகலை யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் வரவேற்பு மேசைக்கு மேலே தமிழில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காடு வாசகர் ஒருவர்