மாவு மிஷின் எரிஞ்ச கதை

அம்பாசமுத்திரம்

வே கப்பல்,

சித்திரையில வந்துட்டுப் போன பெறவு ஒரு வரி எழுதல. கோவமா இருப்பீரு. இரும். வீட்ல எல்லாரும் சொகம். மதினிக்கு முட்டுவலி தேவலையா?

இப்ப எழுத வச்சது ஒரு மோட்டாரு. கல்லிடைக்குறிச்சியில அப்பளம் போடுத அக்கா இருக்காவல்லா, அவிய மாவு பிசையுத மிஷினு. 5 ஹெச்.பி. எரிஞ்சு போச்சு. எரிச்சது நாந்தான். சிரிக்காம கேளும்.

மெதுவாச் சுத்துனா உளுந்த மாவு பதமா வருதுன்னாவ. நானும் பெரிய இவனாட்டம் மோட்டாரு வேகத்தக் கூட்டிக் கொறைக்குத டிரைவ் ஒண்ண மாட்டி, 50 ஹெர்ட்ஸ்ல ஓட வேண்டியத 18 ஹெர்ட்ஸ்ல ஓட விட்டேன். தண்ணி பம்புன்னா வேகம் கொறைஞ்சா லோடும் சட்டுனு எறங்கிரும். மாவு அப்படியா? மெதுவாப் பிசைஞ்சாலும் அதே இழுவைதான், ஆம்ப்ஸ் கொறையாது. ஆனா மோட்டாரோட சூட்ட ஆத்துத, வாலுல கெடக்க ஃபேன் ஷாஃப்டோட சேந்துல்லா சுத்துது! 1440 சுத்து சுத்தினது 500 சொச்சத்துக்கு வந்துட்டு. காத்து எங்கேருந்து வரும்?

ஆம்ப்ஸ் கூடினா கரண்ட வெட்டுத ஓவர்லோடு ரிலே தட்டிரும்னு தெனாவெட்டா இருந்தேன். அது டிரைவுக்கு முன்னால, லைன்ல கெடக்கு வே. வேகம் கொறைஞ்சா டிரைவ் லைன்ல இருந்து இழுக்குததும் கொறைஞ்சிரும். மோட்டாருக்குள்ள முழு ஆம்ப்ஸ் ஓடுது, ரிலே கண்ணுக்குப் பாதிகூடத் தெரியல. அது எப்படித் தட்டும்?

டிரைவுக்குள்ளயே ஒரு கணக்கு இருக்கு. எத்தன ஆம்ப்ஸ், எத்தன ஹெர்ட்ஸ், எவ்வளவு நேரம்னு பாத்து, வைண்டிங் எம்புட்டு சூடாயிருக்கும்னு தானே கூட்டிப் பாத்து நிறுத்திரும். மோட்டாரோட ஆம்ப்ஸை மட்டும் நாம சொல்லணும். நேம் பிளேட்ல 7.5ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. நான் மாட்டினது கையில கெடந்த 10 ஹெச்.பி. டிரைவ். அதுல 17ன்னு இருந்தத தொடவே இல்ல. தனி ஃபேன் வச்ச மோட்டாரான்னு கேக்குத எடத்துலயும் ஆமான்னு கெடந்திருக்கு. எரியாம என்ன செய்யும்?

மேஸ்திரி இருந்தா மொதல்ல மோட்டாரு மேல கைய வைப்பாரு. பெறவு எங் கன்னத்துல.

அக்கா ஒரு சொல்லு சொல்லல வே. அதுதான் தாங்கல. நாலு நாளு பொம்பளையாளுவ உலக்கையப் போட்டு மாவு இடிச்சாவ. நான் போனா காப்பியக் குடுத்துட்டு, "கரண்டு வேலைன்னா அப்படித்தான"ங்காவ. தொண்டைக்குள்ள எறங்கல.

இப்ப ரீவைண்டிங் ஆயிட்டு. 155 டிகிரி தாங்குத இன்சுலேஷன். மூணு பேஸுக்கும் ஒண்ணொண்ணா சூட்டக் கண்டுபிடிக்குத மூணு தெர்மிஸ்டர உள்ள பொதைச்சு, வயர டிரைவுக்கே கொண்டு போயிட்டேன். கணக்கு தப்பினாலும் சூடு கூடினா அது நிறுத்திரும். ரெண்டு புல்லியையும் மாத்தியாச்சு. மோட்டாரு 45 ஹெர்ட்ஸ்ல ஓடுது, மாவு பழைய மெதுவுலதான் சுத்துது. மொதல்லயே புல்லிய மாத்தியிருந்தா டிரைவ் எதுக்குலன்னு கேப்பீரு. கேளும், மேஸ்திரியும் அதத்தான் கேட்டிருப்பாரு.

ரீவைண்டிங் கூலி நான் கொடுத்தது வீட்ல தெரியாது. போன்ல பேசுதப்போ ஒளறி வச்சிராதீரும்.

இப்படிக்கு,
உம்ம சொட்டை