நாள் பூரா என்ன பண்றது என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் பேசினபோது பாதி சந்தோஷம், பாதி மலைப்பு. பனி இன்னும் கொட்டும் என்கிறார்கள், பள்ளியை மூடிவிட்டார்கள், மருமகள் வேலைக்குப் போயே ஆக வேண்டும், பிள்ளைகள் இரண்டு பேரோடும் நீ ஒருத்தன்தான் வீட்டில். "நாள் பூரா என்னம்மா பண்றது?" என்றாய். போனில் நான் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். பிள்ளைகள் தூங்கின பிறகு படி.

முதலில் ஒன்று. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை நீ அவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. இந்த நினைப்புதான் உன்னைப் போல அன்பான அப்பாக்களை மத்தியானத்துக்குள் களைத்துப் போக வைக்கிறது. பெரியவள் "போரடிக்குது" என்று வந்து நிற்பாள். நிற்கட்டும். உடனே டிவியைப் போடாதே, புது விளையாட்டு ஒன்றையும் தேடி ஓடாதே. "அப்படியா கண்ணு" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். கொஞ்ச நேரம் சிணுங்குவாள், சோபாவில் தலைகீழாகத் தொங்குவாள், தம்பியைச் சீண்டுவாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஏதாவது தோன்றும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை நாம் பறித்துவிட்டால் அவளுக்கு எதுவுமே தோன்றாது.

நீயும் அக்காவும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, மேலே போர்வையை விரித்து ரயில் ஓட்டினது உனக்கு நினைவிருக்கிறதா? அது அப்படி ஒரு அலுத்துப்போன காலையில் வந்ததுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ காகிதத்தைக் கிழித்துக் கிழித்து டிக்கெட் செய்தாய். சமையலறைக்குப் போக வேண்டுமானால் நான் உன் ரயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி டிக்கெட் கேட்பாய். நான் நீட்டினால் வாங்கி, உற்றுப் பார்த்து, ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்துத் திருப்பிக் கொடுப்பாய். அந்தக் கடிதான் முத்திரை. அந்த ஈரமான காகிதத் துண்டுகள் என் சேலை முந்தானையில் ரொம்ப நாள் முடிச்சுப் போட்டு இருந்தன.

இப்போது வெளியே போகிற விஷயம். கட்டாயம் போங்கள். ஆனால் விழித்ததும் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக் குதிப்பார்களே, அப்போது கூட்டிப் போகாதே. வயிறு நிறையச் சாப்பிட்டு, கழிவறைக்குப் போய்விட்டு, அப்புறம் உடுத்திக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் "அப்பா, ஒண்ணுக்கு" என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையோ பனியோ பட்டு நனைந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ, சீக்கிரம் காய்கிற செயற்கைத் துணியோ உள்ளே, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் தண்ணீர் புகாத கோட். கையுறை கடைசியில். அதை முதலில் மாட்டினால் ஜிப்பும் போட முடியாது, பூட்ஸும் இழுக்க முடியாது. சின்னவனுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிற கையுறையைவிட, விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கிறது நல்லது. விரல்கள் ஒன்றை ஒன்று சூடாக வைத்துக்கொள்ளும். எதற்கும் இன்னொரு ஜோடி கையுறை எடுத்து வை. முதல் ஜோடி எப்படியும் நனையும்.

சின்னப் பிள்ளைகளின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூட்டை இழக்கும். விளையாட்டு மும்முரத்தில் அவர்களுக்கே அது தெரியாது. அதனால் அடிக்கடி உள்ளே கூட்டி வந்து மூக்கு, காது, கன்னம், விரல் நுனி எல்லாம் பார். தோல் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தாலோ, "மரத்துப் போச்சு" என்றாலோ ஆட்டம் அதோடு முடிந்தது. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது கூடவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். சூடாக இருக்கக் கூடாது. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அதனால் உன் கையை விட்டுப் பார்த்துவிட்டு வை. கொஞ்ச நேரத்தில் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் யோசிக்காமல் டாக்டரிடம் காட்டு.

பனி பொம்மை செய்யக் கிளம்புமுன் கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். உருண்டையாக நின்றால் சரி. மாவு போல உதிர்ந்தால் அன்றைக்கு பொம்மை வராது, பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும்போது பனித்துகளைச் சுற்றி மெல்லிய ஈரம் இருக்கும், அதுதான் ஒட்டும். கடும் குளிரில் விழுகிற பனி காய்ந்த பனி, ஒட்டாது. அந்த மாதிரி நாளில் சறுக்கலாம், காலடித் தடம் பதிக்கலாம், மல்லாந்து படுத்துக் கையை விரித்து விளையாடலாம். தெரு ஓரத்தில் பனி அள்ளும் வண்டி குவித்து வைத்திருக்கிற மேட்டில் மட்டும் ஏறவோ, குடைந்து குகை செய்யவோ விடாதே. மேல்பாகம் சரிந்தால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு மூச்சு விட வழி இருக்காது. வண்டி ஓட்டுகிறவருக்கும் உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

இனிமேல் எழுதப் போவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

கறுப்புத் துணி ஒன்றை, பழைய கோட்டின் கையாக இருந்தாலும் சரி, வெளியே கொஞ்ச நேரம் குளிர வை. துணி சூடாக இருந்தால் விழுந்த உடனே கரைந்துவிடும். நன்றாகக் குளிர்ந்ததும் பனி விழுகிற இடத்தில் நீட்டச் சொல். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். மூச்சுக் காற்று படாமல் குனிந்து பார்க்கச் சொல். ஆறு கை உள்ள நட்சத்திரம் ஒன்று தெரியும்போது பெரியவளின் முகத்தை நீ பார்.

"ஏன் ஆறு?" என்று அவள் கேட்பாள். நீயும் கேட்டாய். 1611-ல் வானியலாளர் கெப்ளர் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நூலே எழுதியிருக்கிறார். அவருக்கு முழு விடை கிடைக்கவில்லை, மூலக்கூறு என்ற எண்ணமே அப்போது அறிவியலில் வரவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன, அதனால்தான் ஆறு என்று இன்றைக்கு அவளுக்கு நீ சொல்லலாம். கேள்வி நானூறு வருஷத்துப் பழசு என்பதையும் சேர்த்துச் சொல். தான் கேட்டதைப் பெரிய மனிதர் ஒருவரும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அப்புறம் பென்ட்லியைப் பற்றிச் சொல். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் ஒரு விவசாயியின் மகன், வில்சன் பென்ட்லி. அவனுடைய அம்மா ஆசிரியையாக இருந்தவர். வீட்டிலேயே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கொடுத்த பழைய மைக்ராஸ்கோப்பில் அந்தப் பையன் பனித்துகளைப் பார்க்க ஆரம்பித்தான். வரைந்து பார்த்தான், வரைந்து முடிப்பதற்குள் கரைந்துவிட்டது. பிறகு மைக்ராஸ்கோப்போடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று பனிப்படிகம் ஒன்றைப் படம் பிடித்தான். வயது பத்தொன்பது. ஹீட்டர் இல்லாத கொட்டகையில் மூச்சை அடக்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். எனக்கு அந்த அம்மாவைத்தான் அடிக்கடி நினைக்கத் தோன்றும். பையன் குளிரில் நின்று பனியைப் பார்க்கிறான், அதனால் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்டிருந்தால்?

ஒரு நாள் நட்சத்திரமாக விழும், இன்னொரு நாள் ஊசி ஊசியாக விழும். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். மேகத்தில் இருக்கிற குளிரையும் ஈரத்தையும் பொறுத்து வடிவம் மாறும் என்று சொல். சுமார் மைனஸ் 15 டிகிரியில் பெரிய நட்சத்திரங்கள், மைனஸ் 5-ஐ ஒட்டி ஊசிகள். இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவர் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இருந்த உகிசிரோ நகயா. 1936-ல் ஒரு முயல் முடியின் நுனியில் அவர் செயற்கையாகப் பனிப்படிகம் வளர்த்தார். முயல் முடி என்றதும் சின்னவன் பிடித்துக்கொள்வான்.

உள்ளே வந்த பிறகு, கண்ணாடி டம்ளர் ஒன்றில் அழுத்தாமல் பனியை விளிம்பு வரை நிரப்பி மேசையில் வை. உருகினால் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று ஆளுக்கு ஒரு கோடு போடச் சொல். பாதி என்பாள் ஒருத்தி, முழுசு என்பான் இன்னொருத்தன். அடியில் கொஞ்சம்தான் நிற்கும். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். வெளியே அவ்வளவு அமைதியாக இருப்பதும் அதனால்தான். அந்தக் காற்று இடைவெளிகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். காகிதத்தில் பனி நட்சத்திரம் வெட்டுவதாக இருந்தால் எட்டுக் கை வருகிற மாதிரி மடிக்காதே. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை ஒரு மடிப்பு, அதைப் பாதியாக இன்னொரு மடிப்பு, பிறகு மூன்றாக. வெட்டி விரித்தால் ஆறு வரும். வெளியே பார்த்ததுக்கும் கையில் இருப்பதுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும், அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மூன்று மணி வாக்கில் சண்டை வரும். எல்லார் வீட்டிலும் வரும். யார் முதலில் என்று விசாரணை நடத்தாதே. ஆளுக்கு ஒரு அறை, ஒரு புத்தகம், ஒரு போர்வை. நீயும் படுத்துக்கொள். அந்த அரை மணி நேரத்தில் ஆபீஸ் வேலையைத் திறக்காதே என்று சொல்ல ஆசை, ஆனால் உன் வேலை உனக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பார்க்க வேண்டியிருந்தால் "அப்பாவுக்கு இவ்வளவு நேரம் வேலை, அது முடிந்ததும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மட்டும் போனில் வைத்திருந்தால், அப்பா இருக்கிறாரா இல்லையா என்று பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அதனால்தான் மேலே வந்து விழுகிறார்கள்.

கரண்ட் போனால் பயப்படாதே. எல்லோரும் ஒரே அறைக்கு வந்துவிடுங்கள், கதவை மூடி, கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வை. உங்கள் சின்ன வயதில் அப்படி ஒரு ராத்திரி நாம் நால்வரும் ஒரே மெத்தையில் படுத்தோம். அப்பா டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கதை சொன்னார். மறுநாள் கரண்ட் வந்தபோது "இன்னிக்கும் போகாதா?" என்று நீ கேட்டாய். ஆனால் குளிருகிறதே என்று கரி அடுப்பையோ, வெளியே வைத்துச் சமைக்கிற அடுப்பையோ உள்ளே கொண்டு வராதே. ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூங்குகிறவர்களை எழுப்பாது. அதைக் கண்டுபிடித்து அலறுகிற கருவியின் பேட்டரியை இன்றைக்கே பார்த்துவிடு. ஹீட்டரின் புகை வெளியே போகிற வாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பார்.

வாசலில் பனி தள்ளும்போது பிள்ளைகளையும் சேர்த்துக்கொள். சின்ன மண்வெட்டியோ, பழைய முறமோ எதுவானாலும் சரி. அவர்கள் தள்ளியதை நீ மறுபடி தள்ள வேண்டியிருக்கும், பரவாயில்லை. நீயும் ஒரேயடியாகச் செய்யாதே. குளிரில் திடீரென்று பாரம் தூக்கினால் இதயத்துக்குக் கஷ்டம். ஈரப் பனி கனக்கும், தூக்கி வீசாமல் தள்ளிக்கொண்டே போ. உன் அப்பாவுக்கு இருந்த ரத்த அழுத்தத்தை நான் மறக்கவில்லை, நீயும் மறக்காதே.

இன்னொரு விஷயம். அக்கா பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பூட்ஸ் இரண்டு ஜோடி என்னிடம் இருக்கிறது. சின்னவனின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பு, எது சரியாக வரும் என்று பார்த்து அனுப்பி வைக்கிறேன். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு கோடு போடச் சொல். மருமகள் வேலை முடிந்து கிளம்புமுன் போன் செய்யச் சொல். காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை எடுத்துவிடச் சொல். வந்து சேர்ந்ததும், எத்தனை மணியானாலும் சரி, எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா