வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் சொல்லாதது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் மகளிர் பகுதியில் சினைப்பை நீர்க்கட்டி குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் ரோமம் வளர்வது, பிள்ளைப்பேறு தாமதமாவது என எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், இனிப்பு நீரை, அதாவது நீரிழிவு நோயைப் பற்றி மட்டும் ‘சீனி அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது’ என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டார். எந்தப் பரிசோதனையில் பார்ப்பது என்பதுதானே கேள்வி. அது தெரியாததால் என் வீட்டில் இரண்டு ஆண்டுகள் வீணாகக் கழிந்தன.

என் மகளுக்கு 22 வயதில் ஸ்கேன் எடுத்து, பி.சி.ஓ.எஸ். என்றார்கள்; சினைப்பை நீர்க்கட்டிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயர் அது. அப்போது அவள் எடை 51 கிலோதான். தனியார் கிளினிக் ஒன்றில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள், சீனி லிட்டருக்கு 5.2 மில்லிமோல் என்று வந்தது. ‘சீனி இல்லை, பிள்ளை ஒல்லியாகத்தானே இருக்கிறாள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்து, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்தது. வெயிலும் சங்கிலியும் செய்த வேலை என்று நினைத்து, வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்கின்போது பயத்தம்மாவும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்தவள் நான்தான். தோல் சிவந்து அவள் முகம் சுளித்ததே தவிர, கருமை போகவில்லை. அது அழுக்கன்று, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் உடலில் அளவுக்கு மீறிச் சுரப்பதன் அடையாளம் என்பதை எனக்குச் சொன்னவர், இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு காரணத்துக்காக அவளைப் பார்த்த அரசாங்கக் கிளினிக் டாக்டர்.

அவர் விளக்கியதை என்னால் இயன்றவரை எழுதுகிறேன். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பலருக்கு, ஒல்லியானவர்கள் உட்பட, தசைகளும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சை எளிதில் கேட்பதில்லை. அதனால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுதியான அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மை ஹார்மோன்களைப் பெருக்குவதால்தான் மாதவிலக்கும் ரோம வளர்ச்சியும் குழம்புகின்றன. கணையம் ஈடுகொடுக்கும் வரையில், இரவெல்லாம் சாப்பிடாமல் காலையில் எடுக்கும் இரத்தத்தில் சீனி சரியாகவே இருக்கும். ஒரு தட்டுச் சோறு உள்ளே போன பிறகுதான் குட்டு வெளிப்படும். ஆகவே, சாப்பிட்ட பிறகு நடப்பதைச் சோதிக்காமல் ‘சீனி இல்லை’ என்று முடிவு கட்டுவது பாதிக் கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒரு வாரம் கழித்து, பட்டர்வொர்த்தில் உள்ள அந்த அரசாங்கக் கிளினிக்கில் காலை 8.10க்கு முதல் இரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடங்களுக்குள் குடிக்கச் சொன்னார்கள். மகள் பாதிக் கோப்பையிலேயே குமட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கினாள். நடக்கக்கூடாது, வேறெதுவும் உண்ணக்கூடாது என்பதால் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தாதி அட்டையில் எழுதி வைத்தபடி 10.10க்கு மீண்டும் இரத்தம் எடுத்தார். வெறும் வயிற்றில் 5.4 ஆக இருந்தது இப்போது 9.3. இரண்டு மணி நேரத்தில் 7.8க்குக் குறைவாக இருக்க வேண்டும், 7.8 முதல் 11.0 வரை இனிப்பு நீருக்கு முந்திய நிலை; 11.1ஐத் தொட்டால் அது இனிப்பு நீரே. இந்தப் பரிசோதனைக்கு முந்திய சில நாள்கள் வழக்கம்போல் சோறு சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘டெஸ்ட் வருகிறது’ என்று சோற்றை ஒதுக்கினால் முடிவே தவறிப்போகலாம்.

2023இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட அனைத்துலக பி.சி.ஓ.எஸ். வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. எடை எதுவாயினும், நோய் கண்டறியப்பட்ட உடனேயும், பிறகு அவரவர் நிலைக்கேற்ப ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் சீனியைச் சோதிக்க வேண்டும். அதற்கு மிகத் துல்லியமானது இந்தக் குளுக்கோஸ் தண்ணீர்ப் பரிசோதனையே. அது இயலாதபோதுதான் வெறும் வயிற்று இரத்தமும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும். இரும்புச்சத்துக் குறைவோ தாலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயோ இருந்தால் எச்.பி.ஏ.1.சி. தவறாகக் காட்டக்கூடும். அதிக உதிரப்போக்கால் சோகை பிடித்த பெண்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மற்றபடி, இன்சுலின் அளவை நேரடியாக அளக்கும் இரத்தப் பரிசோதனையைச் சில இடங்களில் பொதியாக விற்கிறார்கள். நாங்களும் ஒரு முறை பணம் கட்டி ஏமாந்தோம். அன்றாட மருத்துவத்துக்கு அதை அந்த வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இங்குள்ள இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. இப்படிப்பட்ட சமூகத்தில் நம் பெண்களில் பலர் அந்தச் சீனித் தண்ணீரை முதன்முதலாகக் குடிப்பதே கர்ப்பமான பிறகுதான். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே அதைக் குடித்திருக்க வேண்டும். தவறியிருந்தால் கர்ப்பகாலத்தின் முதல் சந்திப்பிலாவது குடிக்க வேண்டும். 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யும் பரிசோதனையை அதோடு கூடுதலாகச் செய்ய வேண்டும்.

என் மகள் இப்போது இரவுச் சோற்றைக் குறைத்து, பணி முடிந்ததும் நாற்பது நிமிடங்கள் நடக்கிறாள். டாக்டர் கொடுத்த மெட்ஃபார்மின் என்னும் சீனி மாத்திரையும் எடுத்துக்கொள்கிறாள். அடுத்த குளுக்கோஸ் பரிசோதனை இவ்வாண்டு இறுதியில். தங்கள் கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதினால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.