காலை எட்டு மணி வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். எலும்பு, மூட்டு, தசை ரேடியாலஜி ஃபெலோஷிப்புக்குப் பொறுப்பாளராக இதை எழுதுகிறேன். சென்ற வாரச் சுற்றறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். தேங்கிக் கிடக்கும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுகளை முடிக்க, ஸ்கேன் படங்களைப் படித்து நோயைக் கண்டறிய எங்களிடம் சிறப்புப் பயிற்சி பெறும் டாக்டர்களான ஃபெலோக்கள் காலை எட்டு மணிக்கே ரிப்போர்ட் எழுத உட்கார வேண்டும், வகுப்பை 'வசதியான வேறு நேரத்தில்' வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அந்த வேறு நேரம் எது என்று இல்லை. ஒன்பது மணிக்கு எலும்பு மருத்துவ வெளிநோயாளர் பிரிவான ஆர்த்தோ ஓபியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பகல் முழுக்க அல்ட்ராசவுண்ட், மூட்டில் ஊசி, சோதனைக்காக ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸி. பல இரவுகளில் விபத்துப் பிரிவு சிடி டூட்டி. அதனால் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டு முதல் ஒன்பது வரையிலான அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

முந்தைய நாள் படங்களை மறுபடி திறந்து, ஃபெலோ எழுதியதை வரி வரியாகப் பார்க்கும் நேரம் அது. எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாத இடுப்பு வலிக்காரருக்கு, தொடை எலும்பின் தலையில் ரத்த ஓட்டம் நின்றுபோனதை எம்ஆர்ஐயில் ஒரு மெல்லிய கோடு காட்டும். எலும்பு நொறுங்கும் முன் அதைப் பிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. முதுகெலும்புக் காசநோயும் அப்படித்தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "இதைப் பார், இது ஏன் இப்படி?" என்று கேட்டால்தான் இந்தப் பார்வை வரும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளி போகும் வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே வீக்கம், ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயோ என்று சந்தேகம். பயாப்ஸி எடுக்க வேண்டும். ஊசி போன வழியில் புற்றுநோய்ச் செல்கள் தங்கியிருக்கலாம் என்பதால், பின்னால் கட்டியை எடுக்கும் சர்ஜன் அந்த வழியையும் சேர்த்தே வெட்டி எடுக்க வேண்டும். ஆகவே அவர் கத்தி வைக்கப்போகும் கோட்டிலேயே ஊசி போக வேண்டும். ரத்தக் குழாய், நரம்பு பக்கம் போகக் கூடாது. முழங்கால் மூட்டின் பை சில்லுக்கு மேலேயும் ஏறி நிற்கும். அதற்குள் ஊசி நுழைந்தால் மூட்டு முழுவதும் மாசுபடும். வழி தவறினால் காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க வேண்டி வரலாம். அமெரிக்காவில் மேன்கினும் சகாக்களும் 1982-இல் 329 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பயாப்ஸியில் நேர்ந்த தவறுகளால் நூற்றுக்கு 4.5 பேருக்குத் தேவையில்லாமல் உறுப்பு அகற்றப்பட்டிருந்தது. 1996-இல் 597 பேரைப் பார்த்தபோதும் பெரிய முன்னேற்றம் இல்லை.

இந்த வழியை ஃபெலோ திரையில் குறிப்பார். அந்தப் பிள்ளைக்கு அறுவை செய்யப்போகும் சர்ஜன் எட்டரைக்கு வந்து, இதே கோட்டில்தான் திறப்பேன், அல்லது இது வேண்டாம், இன்னும் வெளிப்பக்கம் போ என்பார். ஒன்பது மணிக்கு அவர் தியேட்டருக்குள் போனால் மாலை வரை கிடைக்க மாட்டார். வகுப்பை வேறு நேரத்துக்கு ஏன் மாற்ற முடியாது என்பதற்கு இதுதான் காரணம். சுற்றறிக்கை வந்த வாரத்திலேயே அப்படி ஒரு பிள்ளை வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார் சர்ஜன். அது சரியான முடிவு. பயாப்ஸியைத் தள்ளிவைத்தோம். அம்மாவும் அப்பாவும் வார்டு வராந்தாவிலேயே காத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்ல என்று ஃபெலோ என்னிடம் கேட்டார். அதே கேள்வியை உங்களிடம் கேட்கிறேன்.

ரிப்போர்ட்டுகள் தேங்குவது உண்மைதான். காத்திருக்கும் நோயாளிகளின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் தேங்குவதற்குக் காரணம் வகுப்பு அல்ல. உதவிப் பேராசிரியர் இடங்கள் காலியாகவே இருக்கின்றன. அதை எத்தனையோ முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. புது எம்ஆர்ஐ வந்தபோது திறப்பு விழா நடந்தது, பத்திரிகையில் படம் வந்தது. அந்த மெஷின் எடுக்கும் படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்க ஒரு மணி நேரம் கேட்டால் மட்டும் இடமில்லை. மாதக் கூட்டத்தில் எத்தனை ரிப்போர்ட் என்று கேட்கிறார்கள், எத்தனை சரி என்று யாரும் கேட்டதில்லை. அவசரத்தில் தவறாக எழுதிய ரிப்போர்ட், மறு ஸ்கேனாகவும் தேவையில்லாத அறுவையாகவும் நம்மிடமே திரும்பி வருகிறது. நன்றாகக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள், கற்றுத்தர ஆளில்லை என்று தெரிந்தால் ஏன் இங்கே இருக்க வேண்டும்? கிளம்பிவிடுவார்கள். அப்புறம் தனியாரில் ஸ்கேன் எடுக்கப் பணமில்லாத நோயாளிக்கு இங்கே யார் படம் பார்ப்பார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் குரல் சற்று உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது புது மெஷினோ கூடுதல் சம்பளமோ அல்ல. எட்டு முதல் ஒன்பது வரை ஃபெலோக்களுக்கு வேறு வேலை தராதீர்கள். இரவு டூட்டி முடித்தவர் வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகட்டும். ஒன்பதுக்குப் பிறகு தேங்கிய ரிப்போர்ட்டுகளை எழுத நாங்கள் தயார். மூத்தவர்களும் கூட உட்காருவோம், நானும்தான்.

சுற்றறிக்கையில் அந்த ஒரு பத்தியைத் திருத்தி, அடுத்த ஃபெலோக்கள் சேர்வதற்கு முன் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது ஒருநாள் எட்டு மணிக்கு எங்கள் அறைக்கு வந்து வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
எலும்பு, மூட்டு, தசை ரேடியாலஜி ஃபெலோஷிப் பொறுப்பாளர்