கரைப்பானுக்கும் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலைக் காற்று மாசு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, புகையையும் தூசியையும் விரிவாகப் பேசிவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறும் கரைப்பான் ஆவியை, அதாவது மை போன்றவற்றை இளக்கி வைக்கும் திரவத்தின் ஆவியை, ஒரே வரியில் கடந்துவிட்டது. நுண்குழிகள் செதுக்கிய உருளையால் அச்சிடும் கிராவூர் முறையில் பிஸ்கட் உறைகள் தயாரிக்கும் ஆலைகளில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த அச்சு மையில் பாதிக்கும் மேல் டொலுவீன், எத்தில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களே. உறையில் நிறம் தங்கிவிட, காசு கொடுத்து வாங்கிய கரைப்பான் உலர்த்தியின் வெப்பக் காற்றோடு போய்விடுகிறது. அக்காற்றைக் கிளர்வூட்டிய கரிப் படுகையில் செலுத்தினால், கிராமுக்கு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்ளும். படுகை நிறைந்ததும் காற்றை அடுத்த படுகைக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததில் நீராவியைச் செலுத்தி, வெளிவருவதைக் குளிரவைத்தால், நீரோடு கலவாத டொலுவீன் மேலே மிதந்து பிரியும். எத்தில் அசிட்டேட்டோ நீரில் ஓரளவு கரைவதோடு, சிதைந்து அசிட்டிக் அமிலமாகிக் கலன்களையும் அரிப்பதால், அதற்கு நீராவிக்குப் பதில் சூடான நைட்ரஜனே ஏற்றது. இதற்கு உகந்த கரியை நம் தேங்காய்த் தொட்டியிலிருந்தே தயாரித்து ஏற்றுமதியும் செய்கிறோம்.

ஆயினும் இப்படிக் கரைப்பானை மீட்கும் அமைப்பு தோற்ற இடங்களில் நான் கண்ட குறை கரியில் இல்லை. மைத் தட்டுகளும் வாளிகளும் திறந்தே கிடப்பதால், ஆவியில் ஒரு பங்கு படுகையை எட்டாமலே கூடத்தில் பரவித் தொழிலாளர்களின் மூச்சில் கலக்கிறது. வாடை குறையட்டும் என்று கூரை விசிறிகளைக் கூட்டினால், அதே அளவு ஆவி கூடுதல் காற்றில் கலந்து நீர்த்துப்போய், மீட்கும் செலவுதான் ஏறுகிறது. டொலுவீன் காற்றில் 1.1 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும் என்பதால் ஓரளவு காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கணக்கிட்டு, உலர்த்தியை நன்கு மூடி, ஆவி எழும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும்.

புகைபோக்கியில் செறிவை மட்டும் அளந்தால், நீர்த்த காற்று தூய காற்றாகவே தோன்றும். ஐரோப்பிய ஒன்றியம் 1999ஆம் ஆண்டின் ஆணையிலேயே கரைப்பானுக்கு வரவு செலவுக் கணக்கு கேட்டது. வாங்கிய கிலோவில் மீட்டதையும் கழிவில் போனதையும் இருப்பையும் கழித்தால் எஞ்சுவது பெரும்பாலும் காற்றில் போனதே. நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒவ்வோர் ஆலையிடமும் ஆண்டுதோறும் இக்கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். கொள்முதல் பதிவேடும் கிடங்கு இருப்பும் ஆலைகளில் ஏற்கெனவே இருப்பதால், இதைத் தொடங்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வேதிப்பொறியாளர்,
கோயம்புத்தூர்.